தோலில் இருக்கிறதா, தோலில் மட்டும் இருக்கிறதா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களிடம் கையில் ஒரு தடிப்பைக் காட்டி இது என்ன என்று கேட்டுப் பாருங்கள். மழைக்காலம் என்றால் அட்டைக்கடி என்பார்கள், மற்ற நாளில் பூச்சிக்கடி. பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரி. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறி இறங்குகிறவர் உடம்பில் கடி விழாத வாரம் கிடையாது. எப்போதாவது ஒருமுறை அந்தப் பதில் தப்பாகிவிடுகிறது. அந்தத் தடிப்பு தோலில் வரும் லிம்போமாவாக, அதாவது வெள்ளணுக்களில் தொடங்கும் புற்றுநோயாக இருந்துவிடுகிறது. அந்த ஒருமுறையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர். வலது மேற்கையில் மூன்று தடிப்பு, முதுகில் ஒன்று. சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். தொட்டால் ரப்பர் போல இருக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை, புண்ணாகவும் இல்லை. "எத்தனை நாளா இருக்குங்க?" என்று கேட்டால், "அது ஆச்சுங்க டாக்டர், ரெண்டு வருசம். அட்ட கடிச்சது அப்புடியே தங்கிப்போச்சு" என்பார். இவர் ஒரு தனி ஆள் இல்லை. சேலத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்த வருடங்களில் என் மேசைக்கு வந்துபோன பலரைக் கலந்து ஒருவராக்கியிருக்கிறேன். பேத்தாலஜி டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். எங்களுக்கு வருவது அவர் தோலில் ஒரு துண்டும், கூடவே ஒரு காகிதமும்தான். அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

அட்டைக்கடி என்று அவர் சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. கடித்த பூச்சியின் எச்சிலை அந்நியப் பொருள் என்று கண்டுகொண்ட உடம்பு வெள்ளணுக்களை அங்கே திரட்டுகிறது. சிலருக்குப் பூச்சி போன பிறகும் கூட்டம் கலைவதில்லை. மாதக்கணக்கில் அங்கேயே முகாம் போட்டு, நிணநீர்க் கணுவுக்குள் இருப்பது போன்ற உருண்டை உருண்டையான அமைப்புகளைக் கூடத் தோலுக்குள் கட்டிவிடுகிறது. இதற்குப் போலி லிம்போமா என்று பெயர். பூச்சிக்கடி, பச்சை குத்திய மை, தடுப்பூசி போட்ட இடம், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் போன்ற மாத்திரைகள், வைத்தியத்துக்காகவே விட்ட அட்டை என்று பல காரணங்கள் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பாவில் உண்ணி கடித்துப் பரவும் பொரேலியா என்ற கிருமியும் காரணமாகிறது. அங்கே சில பகுதிகளில் இதே கிருமிக்கும் தோலின் உண்மையான பி செல் லிம்போமாவுக்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். ஆசியாவில் அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை. எனவே மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சேர்வராயன் மலைக்காரருக்குப் பொரேலியா ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

போலிக்கும் அசலுக்கும் நடுவில் கோடு கிழிப்பதுதான் முதல் தொல்லை. அசல் எது என்றால், பி செல் என்ற வெள்ளணுவில் ஒன்று கட்டுப்பாடு இழந்து தன்னையே நகல் எடுத்துக்கொண்டே போவது. தோலில் தொடங்கும் லிம்போமா மேலைநாட்டுக் கணக்கில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. அதிலும் முக்கால் பங்கு டி செல் என்ற இன்னொரு வெள்ளணுவில் வரும் வகை. மிச்சக் கால் பங்குதான் பி செல், ஆசியாவில் அதைவிடக் குறைவு. இந்தப் பி செல் வகையில் முக்கியமானவை மூன்று. முதலாவது மார்ஜினல் ஜோன் வகை, பெரும்பாலும் கையிலும் உடம்பிலும் பல இடத்தில் வரும். அடுத்தது ஃபாலிக்கிள் சென்டர் வகை, தலை, நெற்றி, முதுகு அதற்குப் பிடித்த இடங்கள். இவை இரண்டும் மெதுவாக நகரும் சாதி. ஐந்தாண்டு கழித்தும் இந்த நோயால் சாகாமல் இருப்பவர்கள் முதலாவதில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 99 பேர், இரண்டாவதில் சுமார் 95 பேர். மூன்றாவது 'கால் வகை' எனப்படும் பெரிய செல் லிம்போமா. வயதானவர்களின் முழங்காலுக்குக் கீழே, அதிலும் பெண்களுக்கு, வேகமாக வளரும். அங்கே அதே கணக்கு ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடுகிறது.

மூன்றுக்கும் ரிப்போர்ட்டில் 'பி செல் லிம்போமா' என்ற சொல் வரும் என்பதுதான் சிக்கல். அந்தச் சொல்லைப் பார்த்த உடனே கீமோதெரபிக்குத் தேதி குறிப்பவர்களும் உண்டு, தோலில்தானே என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து.

சரி, நம் ஊரில் இப்படிப்பட்ட தடிப்போடு ஒருவர் வந்தால் லிம்போமாவை முதலில் நினைக்கலாமா? கூடாது என்பேன். முதலில் நினைக்க வேண்டியது தொழுநோய். காது மடலில் முண்டு முண்டாக இருக்கிறதா, புருவம் உதிர்ந்திருக்கிறதா, முழங்கையின் உட்பக்கம் ஓடும் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா, தோலில் உணர்ச்சி மங்கிய இடம் உண்டா என்று தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தோலைக் கீறி எடுத்த சாற்றில் கிருமி தேடும் பழைய சோதனை இன்றைக்கும் மலிவானது, நம்பகமானது. அடுத்தது தோல் காசநோய். அதற்கப்புறம் கொழுப்புக்கட்டி, கெலாய்டு தழும்பு, சார்காய்டு என்ற அழற்சி நோய். தலையிலும் நெற்றியிலும் வரும் ஃபாலிக்கிள் சென்டர் லிம்போமாவைக் கொழுப்புக்கட்டி என்று நினைத்துக் கீறி எடுத்து, உள்ளே கொழுப்பு இல்லாமல் மீன்சதை போன்ற வெளுத்த சதையைக் கண்டு திகைத்துப்போன அறுவை டாக்டர்கள் உண்டு. அவர்கள் அதைக் குப்பையில் போடாமல் பாட்டிலில் போட்டு அனுப்பியதால்தான் பலருக்கு நோய் தெரிந்தது.

டாக்டரிடம் வருவதற்கு முன்பே கைவைத்தியம் நடந்திருக்கும். சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், சேங்கொட்டைப் பால் வைத்திருப்பார்கள். இதெல்லாம் மேல்தோலைப் பொசுக்குமே தவிர அடியில் இருப்பதைத் தொடாது. பெரிய குழப்பம் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு ஆயின்மென்டில்தான். 'கெனகார்ட்' போன்ற ஸ்டீராய்டு ஊசியைத் தடிப்புக்குள்ளேயே போட்டுவிட்டு, அடங்காவிட்டால் பயாப்ஸி (சதை எடுத்துப் பார்ப்பது) என்று தள்ளிப்போடுவதும் நடக்கிறது. லிம்போமா செல்களை ஸ்டீராய்டு ஓரளவு கரைத்துவிடும். தடிப்பு வற்றும், எல்லாருக்கும் சந்தோஷம். சில மாதம் கழித்துத் திரும்பி வரும்போது எடுத்த சதையில் படம் மங்கலாக இருக்கும். சந்தேகம் இருந்தால் முதலில் சதை, பிறகு ஸ்டீராய்டு. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

சதை எடுப்பதிலும் முறை உண்டு. இந்த லிம்போமாக்கள் மேல்தோலைத் தொடுவதில்லை. மேல்தோலுக்கும் அணுக்கூட்டத்துக்கும் நடுவே ஒரு வெறும் பட்டை விட்டு, அதற்குக் கீழே தொடங்கி அடியில் கொழுப்புவரை இறங்கும். போகப்போகக் கூட்டம் அடர்த்தியாகும். எனவே மேலாகச் சீவி எடுத்த சதையில் நோயின் தலை மட்டும் கிடைக்கும், உடம்பு கிடைக்காது. சின்னப் பஞ்ச் கருவியால் எடுத்த துண்டு போதாமல் போகலாம், இடுக்கியால் நசுக்கியிருந்தால் செல்கள் இழுபட்டு நீலக் கோடுகளாகிவிடும். முடிந்தால் ஒரு தடிப்பை முழுதாக, அடிக்கொழுப்போடு சேர்த்து எடுப்பதே நல்லது. எடுத்த உடனே பத்து சதவீத ஃபார்மலினில், சதையைப் போலப் பத்து மடங்கு அளவில் மூழ்க வைக்க வேண்டும். ஒருமுறை மலையிலிருந்து ஒரு சதை சலைன் தண்ணீரில் வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்து வெயிலில் அரைநாள் எங்கேயோ கிடந்து என்னிடம் வந்து சேர்ந்தபோது அது கூழாகிக்கொண்டிருந்தது. அந்த நோயாளியிடம் இன்னொரு துண்டு கேட்க வேண்டியதாயிற்று. யார் அனுப்பினார்கள் என்பது இங்கே தேவையில்லை. அனுப்பியவரும் தெரிந்து செய்யவில்லை.

இப்போது அந்தக் காகிதம். 'தோல் கட்டி, பயாப்ஸி' என்று மட்டும் எழுதி வரும். எந்த இடம், எத்தனை தடிப்பு, எத்தனை நாளாக, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியிருக்கிறதா, காய்ச்சலோ எடைக்குறைவோ உண்டா என்று எதுவும் இருக்காது. இரத்தச் சர்க்கரை பார்க்க இந்த விவரம் வேண்டாம். தோல் லிம்போமாவுக்கு இது பாதி நோயறிதல். ஒரே ஸ்லைடு, நெற்றியில் இரண்டு வருடமாக இருக்கிறது என்றால் ஒரு பெயர், எழுபத்தைந்து வயது அம்மாவின் காலில் இரண்டு மாதத்தில் வளர்ந்தது என்றால் எனக்குள் வேறு மணி அடிக்கும். தடிப்பை செல்போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் கூடப் போதும், எத்தனையோ தப்பு தவிர்ந்துபோகும்.

மைக்ராஸ்கோப்பில் வழக்கமான ஊதா, ரோஸ் சாயத்தில் பார்க்கும்போது கிடைப்பது ஒரு முதல் அபிப்பிராயம்தான். போலி லிம்போமாவில் கூட்டம் மேலே அடர்ந்து கீழே குறையும், உருண்டைகளுக்கு ஒழுங்கான ஓரக்கரை இருக்கும், அவற்றுக்குள் இறந்த செல்களை விழுங்கிய துப்புரவுச் செல்கள் தெரியும், பூச்சிக்கடி என்றால் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களும் நிறைய இருக்கும். அசல் லிம்போமாவில் கீழே கனம், உருண்டைகளின் ஓரம் கலைந்திருக்கும், துப்புரவுச் செல்கள் குறைவு. படிக்க அழகாக இருக்கிறது, இல்லையா? நிஜத்தில் மார்ஜினல் ஜோன் லிம்போமாவுக்குள்ளேயே ஒழுங்கான உருண்டைகள் இருக்கும், டி செல்கள் பாதிக்கு மேல் கூட இருக்கும். முதல் பார்வையில் அது கலப்புக் கூட்டமாகத்தான் தெரியும். அதனால்தான் அடுத்த படி இம்யூனோ, அதாவது செல்லில் எந்தெந்த அடையாளப் புரதம் இருக்கிறது என்று ஆன்டிபாடி சாயத்தால் பார்ப்பது.

இங்கே ஒரு சேலத்து உவமை எனக்கு உதவுகிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்கு மணி வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல பட்டறை மணிகளைக் கொட்டிக் கலந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். ஒரே அச்சில் வார்த்தவை என்றால் ஒரே பிசிறு எல்லாவற்றிலும் இருக்கும். ஒவ்வொரு பி செல்லும் தான் செய்யும் ஆன்டிபாடியில் கப்பா, லாம்டா என்ற இரண்டு சங்கிலிகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். சாதாரணக் கூட்டத்தில் இரண்டும் கலந்திருக்கும், ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில். கூட்டத்திலுள்ள பிளாஸ்மா செல்கள் (ஆன்டிபாடி சுரக்கும் முதிர்ந்த பி செல்கள்) கிட்டத்தட்ட எல்லாமே கப்பா, அல்லது எல்லாமே லாம்டா என்றால் ஒரே அச்சில் வார்த்தவை என்று பொருள். மார்ஜினல் ஜோன் வகையைப் பிடிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மற்றபடி அடையாளப் புரதங்களில், அந்த வகையில் சிடி20 இருக்கும், பிசிஎல்2 இருக்கும், சிடி10, பிசிஎல்6, சிடி5 மூன்றும் இருக்காது.

பி செல்லின் மரபணுவை பிசிஆரில் ஓட்டி இதே அச்சு சோதனையை இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். நோயாளிகள் இதைத்தான் கடைசித் தீர்ப்பு என்று நினைக்கிறார்கள், சில டாக்டர்களும். நான் அப்படி நினைக்கவில்லை. சதை மிகச் சின்னதாக இருந்தால் கையில் கிடைத்த ஐந்தாறு மணியும் தற்செயலாக ஒன்றுபோல இருந்துவிடலாம், சோதனை 'ஒரே அச்சு' என்று பொய் சொல்லும். உண்மையான பூச்சிக்கடித் தடிப்பிலும் சில சமயம் ஒரே அச்சுக் கூட்டம் வரும். எதிர்ப்பக்கம், அசல் லிம்போமாவிலேயே கணிசமான பேருக்குச் சோதனை ஒன்றும் காட்டாமல் போகும். எனவே பிசிஆர் ஒரு சாட்சி, நீதிபதி இல்லை.

ஃபாலிக்கிள் சென்டர் வகையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்தச் செல்களில் பிசிஎல்6 இருக்கும், சிடி10 இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பிசிஎல்2 பெரும்பாலும் இருக்காது அல்லது மங்கலாக இருக்கும். சிடி10, பிசிஎல்2 இரண்டும் பளிச்சென்று தெரிந்தால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். அது தோலில் பிறந்ததாக இல்லாமல், நிணநீர்க் கணுவில் பிறந்து தோலுக்குக் குடிவந்த ஃபாலிகுலர் லிம்போமாவாக இருக்கலாம். 14ஆம் குரோமோசோமுக்கும் 18ஆம் குரோமோசோமுக்கும் நடக்கும் இடமாற்றம் கணுவில் பிறந்த வகையில் சகஜம், தோலில் பிறந்ததில் அபூர்வம். சிடி5 தெரிந்தால் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒன்று தோலில் எட்டிப் பார்க்கிறதா என்று இரத்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சைக்ளின் டி1 தெரிந்தால் அது மேன்டில் செல் லிம்போமா என்ற வேறொரு வகை.

இன்னொரு தப்புதான் நோயாளியை அதிகம் பாதிப்பது. ஃபாலிக்கிள் சென்டர் வகையில் சில நேரம் உருண்டை எதுவும் இல்லாமல் பெரிய செல்கள் பரவலாக நிற்கும். அதைப் பார்த்து 'பெரிய செல் லிம்போமா' என்று எழுதிவிட்டால், அந்தப் பெயர் உடம்புக்குள் வரும் வேகமான நோயின் பெயர் என்பதால், நோயாளி பல மருந்து கலந்த கீமோவுக்குப் போய்விடுவார். தோலின் ஃபாலிக்கிள் சென்டர் வகைக்கு, செல்கள் பெரிதாக இருந்தாலும், உருண்டை இல்லாவிட்டாலும், அது தேவையே இல்லை. கணு லிம்போமாவுக்குப் போடும் கிரேடு கணக்கும் இங்கே செல்லாது. பார்க்க வேண்டியது செல்லின் வடிவம்: பிளவுபட்ட, கோணலான உட்கருவா, அல்லது வட்டமான உட்கரு வரிசையாகவா. வட்டமாக இருந்து, பிசிஎல்2, மம்1, ஐஜிஎம் என்ற மூன்று அடையாளங்களும் இருந்தால் அது கால் வகை, அதற்கு முழு சிகிச்சை வேண்டும். அது காலில்தான் இருக்க வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. அந்தப் பெயரை வைத்தவர்களைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் தோலில் இருக்கிறதா என்ற கேள்விக்குத்தான். தோலில் மட்டும் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஸ்லைடு பதில் சொல்லாது. அந்த 99, 95 என்ற எண்கள் இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று பதில் கிடைத்தவர்களுக்கு மட்டும் உரியவை. முழு உடம்பையும் தடவிப் பார்த்து, இரத்த எண்ணிக்கையும் எல்டிஎச் என்ற நொதியின் அளவும் பார்த்து, சிடி ஸ்கேனோ பெட் ஸ்கேனோ எடுத்து, வேறெங்கும் இல்லை என்று ஆன பிறகுதான் 'தோலின் முதன்மை லிம்போமா' என்று எழுத முடியும். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை மார்ஜினல் ஜோன் வகைக்கு வழக்கமாக வேண்டியதில்லை. ஃபாலிக்கிள் சென்டருக்குச் சூழ்நிலை பார்த்து எடுக்கலாம். கால் வகைக்கு அவசியம்.

பெட் ஸ்கேனைப் பற்றி நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. மந்தமான லிம்போமா தடிப்புகள் அதில் ஒளிராமலே இருக்கலாம். அதே சமயம் நெஞ்சுக்குள் பழைய காசநோய்க் கணு பளிச்சென்று ஒளிரும். எரிகிற கணுவெல்லாம் லிம்போமா என்று எடுத்துக்கொண்டால், தோலில் மட்டும் நோய் உள்ளவரை நான்காம் கட்டம் என்று தள்ளிவிடுவோம். ஒளிரும் கணுவிலிருந்தும் சதை எடுத்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

பெயர் விஷயத்தில் நிபுணர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை. 2005இல் உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பியப் புற்றுநோய் அமைப்பும் சேர்ந்து தோல் லிம்போமாக்களுக்குப் பொது வகைப்பாடு கொண்டுவந்தார்கள், 2018இல் திருத்தினார்கள். 2022இல் பாதை இரண்டாகப் பிரிந்தது. உலக சுகாதார நிறுவனம் தோலின் மார்ஜினல் ஜோன் நோயை லிம்போமா என்றே வைத்துக்கொண்டது. சர்வதேச ஒருமித்த வகைப்பாட்டுக் குழுவோ அதிலிருந்து லிம்போமா என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'லிம்போ பெருக்கக் கோளாறு' என்று மாற்றியது. கிட்டத்தட்ட யாரையும் கொல்லாத நோய்க்குப் புற்றுநோய்ப் பெயர் எதற்கு என்பது அவர்கள் வாதம். ஒரே சதை, ஒரே ஸ்லைடு, எந்தப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் புற்றுநோயாளியாகவோ அல்லாதவராகவோ ஆகிறார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் 'கேன்சர்' என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். என் ஓட்டு இரண்டாவது குழுவுக்கு. ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டு பெயரையும் எழுதிவிடுகிறேன்.

முடிவு கிடைக்காத ரிப்போர்ட்டும் வரும். 'இயல்புக்கு மாறான லிம்ஃபாய்டு ஊடுருவல், கவனித்து வரவும்' என்றிருக்கும். இதற்காகக் கோபப்பட்டு டாக்டரை மாற்றுகிறார்கள். இது திறமைக் குறைவு இல்லை. சில தடிப்புகள் இரண்டாவது, மூன்றாவது பயாப்ஸியில்தான் தம் பெயரைச் சொல்லும்.

மேல் அபிப்பிராயத்துக்கு வேலூருக்கோ அடையாறுக்கோ போவதென்றால் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். லேபில் கேட்டு, சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அவர்கள் மறுபடி இம்யூனோ போட வேண்டியது அந்தப் பிளாக்கில்தான். பிளாக் பல வருடம் கெடாது, ஆனால் மெழுகு 60 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். மே மாதத்துச் சேலத்தில், கண்ணாடி ஏற்றிய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். பைக்குள் வையுங்கள்.

சிகிச்சை பெரிய கதை இல்லை. ஒரு தடிப்பு என்றால் வெட்டி எடுக்கலாம், அல்லது 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கதிர்வீச்சு தரலாம். இரண்டு தவணையில் மொத்தம் 4 கிரே கூடப் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. பல இடத்தில் இருந்து தொந்தரவு தந்தால் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து, அதற்கு முன் ஹெபடைடிஸ் பி கட்டாயம் பார்க்க வேண்டும், உறங்கும் வைரஸை அந்த மருந்து எழுப்பிவிடும். ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு சிகிச்சைதான், சில மார்ஜினல் ஜோன் தடிப்புகள் தாமே வற்றிவிடுகின்றன.

நம் மலைக்காரருக்கு மார்ஜினல் ஜோன் வகை, தோலில் மட்டும். கையில் இருந்ததற்குக் கதிர்வீச்சு, முதுகில் இருந்தது பயாப்ஸியிலேயே போய்விட்டது. பாதிப் பேருக்குப் பக்கம் இது தோலில் வேறொரு இடத்தில் திரும்ப வரும், அதனால் ஆயுள் குறைவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து சட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டும். வேகமாக வளர்கிறதா, புண்ணாகிறதா, நெறி கட்டுகிறதா என்பதைத்தான் பார்ப்போம். அப்படி ஏதாவது இருந்தால் மறுபடி சதை. போன ஐப்பசியில் வந்தபோது கணுக்காலுக்கு மேலே புதிதாக ஒரு சிவப்புத் தடிப்பு இருந்ததாம். தோல் டாக்டர் குனிந்து பார்க்க, இவர், "அது வேண்டாங்க, அது நெசமாவே அட்டதான். நேத்துத்தான் உப்பு போட்டு எடுத்தேன்" என்றாராம். டாக்டர் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, தேதி எழுதி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.